குருதித் துளியும் மேகக் கணிமையும்

மருத்துவர் நோயின் தன்மையை அறிவதற்கு இருவகைத் துணைகள் உள. ஒன்று, நோயாளியைக் கண்டும் கேட்டும் தொட்டும் அறிவது. மற்றொன்று, அவருடைய உடலினின்று எடுத்த குருதி, சிறுநீர், சளி முதலியவற்றை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, அங்கிருந்து வரும் அறிக்கையால் அறிவது. முன்னதில் பிழை நேர்ந்தால் நோயாளியே அதனை மறுத்துரைத்தல் கூடும். பின்னதில் அவ்வாய்ப்பு இல்லை. குழாய்க்குள் இருக்கும் குருதி வாய்திறந்து, தான் இன்னாருடையது என்று கூறாது. குழாயின்மேல் ஒட்டிய சீட்டு என்ன சொல்கின்றதோ அதுவே உண்மையெனக் கொள்ளப்படும். சீட்டு மாறினால் ஒருவருடைய நோய் மற்றொருவருடைய பெயரில் எழுதப்படும். நோயில்லாதவர் மருந்துண்பார், நோயுடையவர் நலமென்று எண்ணி வீடு திரும்புவார்.

ஆதலின், மருத்துவ ஆய்வுக்கூடத்தின் தொழில் அளத்தல் மட்டும் அன்று. கணக்கு வைத்தலும் அதன் தொழிலேயாம். இது யாருடைய குருதி, எப்பொழுது எடுக்கப்பட்டது, எவ்வெச் சோதனைகள் வேண்டப்பட்டன, எப்பொறியில் எவர் அளந்தார், கிடைத்த அளவு யாது, அதனை எவர் சரிபார்த்தார், எந்த மருத்துவருக்கு எந்நேரத்தில் தெரிவிக்கப்பட்டது என்னும் வினாக்கள் யாவற்றிற்கும் விடை இருத்தல் வேண்டும். அளத்தல் தொழிலைப் புகழ்வார் பலர். இக்கணக்குத் தொழிலை நினைப்பார் சிலரே. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை பொறி அளக்கும்போது நேர்வன அல்ல. குருதி பொறியை அடைவதற்கு முன்னரே நேர்வன என்பது இத்துறை வல்லுநர் கண்ட முடிவாகும்.

முற்காலத்தில் இக்கணக்கு முழுவதும் பேரேடுகளிலேயே இருந்தது. நாளொன்றுக்கு இருபது முப்பது பேர் வந்த காலத்தில் அம்முறை நன்கு பயன்பட்டது. 1957ஆம் ஆண்டில், லெனார்டு ஸ்கெக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த தானியங்கு ஆய்வுப்பொறி விற்பனைக்கு வந்தது. கையால் ஒவ்வொன்றாகச் செய்த சோதனைகளைப் பொறி வரிசையாகச் செய்யத் தொடங்கவே, எண்கள் வெள்ளம்போல் பெருகின. அவற்றை எழுதிவைக்கக் கைகள் போதாவாயின. ஆதலால் ஆய்வுக்கூடங்களுள் கணிப்பொறி புகுந்தது.

கணிப்பொறி புகுந்தவுடன் இடர்கள் அகன்றனவோ எனின், ஒருபகுதியே அகன்றன. கூடத்தின் மூலையில் இருந்த அவ்வொற்றைப் பொறியே எல்லாக் கணக்கையும் தாங்கி நின்றது. மின்சாரம் தடைப்பட்டால் அது நின்றுவிடும். தட்டு பழுதுற்றால் பல ஆண்டுக் கணக்கு ஒரு நொடியில் மறையும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது, கீழ்த்தளங்களில் வைத்திருந்த பொருள்களுக்கு நேர்ந்த கதியை நகரத்தார் நன்கறிவர். ஏடாயினும் கணிப்பொறியாயினும் நீருக்கு அவை ஒன்றே. அன்றியும், நோயாளி வேறோர் ஊரில் வேறொரு கிளைக்குச் சென்றால், முதற்கிளையின் பொறியில் உள்ள அவருடைய பழைய கணக்கு அங்கே பயன்படாது.

இவ்விடர்களுக்கு மருந்தாக வந்ததே மேகக் கணிமை என்பது. பெயரைக் கேட்டு வானத்தை நோக்க வேண்டுவதில்லை. பொறியியலார் தொலைத்தொடர்பு வலையின் படத்தை வரையும்போது, வலையின் உட்பகுதி எவ்வாறு இருப்பினும் கவலையில்லை என்பதைக் காட்ட மேகம்போல ஒரு வடிவம் வரைவது வழக்கம். அவ்வடிவமே பெயராயிற்று. உண்மையில் அம்மேகம் மண்ணில்தான் இருக்கின்றது. பெரிய கட்டடங்களில் பல்லாயிரம் கணிப்பொறிகளை அடுக்கி, குளிர்காற்றும் மாற்று மின்சாரமும் இடையறாது அளித்து, காவலுடன் நடத்துகின்றனர். அப்பொறிகளின் ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியே வேண்டுவார் வேண்டும் அளவு வாடகைக்குப் பெறுகின்றனர்.

மின்சாரமும் நீரும் போலக் கணிக்கும் ஆற்றலும் ஒருநாள் பொதுவில் வழங்கப்படும் என்று ஜான் மக்கார்த்தி என்னும் கணித அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே மொழிந்தார். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் சேமிப்பிடத்தையும் கணிப்பாற்றலையும் வாடகைக்கு வழங்கத் தொடங்கியதும் அக்கூற்று வணிகமாக மலர்ந்தது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தர அளவைக் கழகம் இதற்கு இலக்கணம் வகுத்தது. வேண்டும்போது தானே எடுத்துக்கொள்ளல், எங்கிருந்தும் வலைவழி அணுகல், பலர்க்கும் பொதுவான பொறிகள், தேவைக்கேற்ப விரிந்து சுருங்கல், பயன்படுத்திய அளவுக்குக் கணக்கு என்னும் ஐந்தும் அதன் இயல்புகளாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் புணே, மும்பை, சென்னை ஆகிய மூன்றிடங்களில் தன் மேக நிலையங்களை அமைத்தது. மாரி கைம்மாறு கருதாது பொழியும் என்பர் புலவர். இம்மேகமோ திங்கள்தோறும் தவறாது கட்டணச் சீட்டு அனுப்பும்!

விரிந்து சுருங்கும் இயல்பு ஆய்வுக்கூடத்திற்குப் பெரிதும் பொருந்துவது. வெறும் வயிற்றில் குருதி கொடுக்க வருவோர் யாவரும் காலை வேளையிலேயே திரள்வர். பிற்பகலில் கூடம் ஓய்ந்திருக்கும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் கூட்டம் பன்மடங்காகும். அப்பெருங்கூட்டத்திற்கெனப் பெரும்பொறி வாங்கி, எஞ்சிய காலமெல்லாம் அதனைச் சும்மா வைத்திருத்தல் சிறு கூடங்களுக்கு இயலாத செலவாகும்.

இனி, ஒரு குழாய்க் குருதி செல்லும் வழியைப் பின்தொடர்ந்து காண்க. திருச்சிராப்பள்ளியில் தலைமை ஆய்வுக்கூடமும், அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்பகோணத்தில் குருதி எடுக்கும் நிலையமும் உடைய நிறுவனம் ஒன்று உளதெனக் கொள்வோம். நிலையத்திற்கு மூதாட்டி ஒருவர் வருகின்றார். பணியாளர் அவருடைய பெயர், வயது, கைப்பேசி எண் ஆகியவற்றை மேகத்திலுள்ள ஏட்டில் பதிகின்றார். பெயர் மட்டும் போதாது. ஒரே தெருவில் இரண்டு மீனாட்சிகள் இருத்தல் நம் நாட்டில் புதுமையன்று. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவர்க்கும் 14 இலக்கமுடைய நலவாழ்வு எண் ஒன்றை வழங்குகின்றது. விரும்புவோர் அதனையும் கூறிப் பதியலாம்.

பதிவு முடிந்தவுடன் பட்டைக் குறியீடு அச்சிட்ட சீட்டுகள் வெளிவருகின்றன. அச்சீட்டு நோயாளியின் முன்னிலையிலேயே, அவர் வாயால் தம் பெயரைக் கூறக் கேட்டபின், குழாயில் ஒட்டப்பட வேண்டும். "நீங்கள் மீனாட்சியம்மாள்தானே?" என்று வினவுதல் தவறு, காது கேளாதவரும் ஆம் என்று தலையசைத்துவிடுவர். "உங்கள் பெயர் என்ன, பாட்டி?" என்று கேட்பதே முறை. எத்துணைப் பெரிய கணிப்பொறியும் இவ்வோர் இடத்தில் மனிதனுக்கு மாற்றாகாது. தவறான கையிலிருந்து எடுத்த குருதிக்குச் சரியான சீட்டு ஒட்டினால், அத்தவற்றை மேகம் மிகப் பத்திரமாகக் காத்துவைக்கும்; அவ்வளவே.

குழாய்கள் பல நிறத்து மூடிகள் உடையன. சாம்பல்நிற மூடியுடைய குழாயில் புளூரைடு உப்பு உண்டு. குருதியணுக்கள் சர்க்கரையை உண்டு தீர்க்காவண்ணம் அது தடுக்கும். அவ்வுப்பு இல்லையேல், அறையின் வெப்பநிலையில் குருதியிலுள்ள சர்க்கரை மணிக்கு 100க்கு 5 முதல் 7 பங்குவரை குறைந்துகொண்டே போகும். கும்பகோணத்தில் எடுத்த குருதி திருச்சியை அடைவதற்குள் சர்க்கரை நோயாளி நலமுடையவராகக் காட்சியளித்தல் கூடும். ஊதாநிற மூடியுடைய குழாயில் இ.டி.டி.ஏ. எனப்படும் பொருளின் பொட்டாசியம் உப்பு உண்டு. அது குருதியிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் குருதி உறைவதில்லை. அணுக்களை எண்ணுவதற்கு அக்குழாய் ஏற்றது. சிவப்புமூடிக் குழாயில் குருதி உறைந்து, சீரம் எனப்படும் தெளிநீர் பிரியும்.

எடுத்த நேரம் நொடிமுதல் பதிவாகின்றது. குழாய்களைச் சுமந்து செல்லும் பெட்டியின் வெப்பநிலையை அளக்கும் சிறு கருவியும் உண்டு. தெளிநீர் பிரிக்கப்படாத குருதியைப் பனிக்கட்டியில் வைத்தால் கெடாது என்று எண்ணுதல் இயல்பு. பொட்டாசியத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையாம். குளிரில் அணுக்களின் உட்செயல் தளர்ந்து, அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவை உயர்த்திக் காட்டும். ஆதலால், பெட்டி எத்துணை நேரம் எவ்வெப்பத்தில் இருந்தது என்னும் கணக்கும் குருதியுடன் சேர்ந்து பயணம் செய்ய வேண்டியதாகின்றது.

திருச்சியில் குழாயை ஆய்வுப்பொறியில் வைத்தவுடன், பொறி பட்டைக் குறியீட்டைப் படித்து, "இதற்கு என்னென்ன சோதனைகள்?" என்று கணக்கேட்டை வினவுகின்றது. விடை பெற்றுத் தானே அளக்கின்றது. அளந்த எண்ணைத் தானே திருப்பி அனுப்புகின்றது. இடையில் மனிதர் எழுத வேண்டுவதில்லை, 1.3 என்பது 13 ஆவதும், 6 என்பது 9 ஆவதும் ஒழிந்தன. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த பொறிகளும் ஏடுகளும் தம்முள் உரையாடப் பொதுமொழி வேண்டுமன்றோ? அதன்பொருட்டு 1987ஆம் ஆண்டில் ஹெச்.எல். செவன் என்னும் அமைப்பு தோன்றியது. சோதனைகளின் பெயர்களுக்குப் பொதுக் குறியெண் வகுக்கும் லாயின்க் என்னும் முறை 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கப்பெற்றது. அலகும் உடன் கூறப்பட வேண்டும். நம் நாட்டில் குருதிச் சர்க்கரை 100 மில்லிகிராம் என்பது இங்கிலாந்தில் 5.6 மில்லிமோல் என்று எழுதப்படும். அலகில்லாத எண் உயிரில்லாத உடல் போன்றது.

பொறி கூறும் எண்ணை உடனே நம்பலாகாது. காலையில் முதலில், அளவு முன்னரே தெரிந்த சோதனை நீர்மத்தைப் பொறியிலிட்டு, அது சரியான விடை கூறுகின்றதா என்று பார்ப்பர். நாள்தோறும் வரும் விடைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் வரைபடத்தை லீவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடங்களுக்கு அறிமுகம் செய்தனர். எந்தப் புள்ளி எங்கு விழுந்தால் பொறியை நிறுத்த வேண்டும் என்னும் விதிகளை வெஸ்ட்கார்டு 1981ஆம் ஆண்டில் தொகுத்தார். முன்பு ஒவ்வொரு கூடமும் தன் வரைபடத்தைத் தானே நோக்கித் தானே அமைதியுறும். இன்று பல கூடங்களின் புள்ளிகளும் ஓரிடத்தில் சேர்வதால், தன் பொறி ஏனையவற்றினின்று விலகிச் செல்வதை ஒரு கூடம் அன்றே அறியலாம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு மறைநீர்மங்களை அனுப்பி, அவர்கள் அளந்து கூறும் விடைகளை ஒப்பிட்டுக் காட்டும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகின்றது. தன்னைத் தானே மதிப்பிடுவோன் பெரும்பாலும் நூற்றுக்கு நூறு வாங்குவான். ஆகவே பிறர் மதிப்பீடு வேண்டுவதாயிற்று.

மீண்டும் மூதாட்டியின் குருதிக்கு வருவோம். அவருடைய பொட்டாசியம் 7.8 மில்லிமோல் என்று பொறி கூறுகின்றது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரையாகும். 6.5ஐக் கடந்தால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும் அச்சம் உண்டு. ஆகவே உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்று தோன்றும். கணக்கேடு அவ்வறிக்கையைக் கணநேரம் நிறுத்தி, இரண்டு செய்திகளை நோக்குகின்றது. முதலாவது, சென்ற திங்கள் அவருடைய அளவு என்ன? 4.2 என்று கும்பகோணக் கிளையின் பழைய கணக்கு கூறுகின்றது. இரண்டாவது, இன்றைய கால்சியம் என்ன? அது நம்பவியலாத அளவு குறைந்து காண்கின்றது. பொட்டாசியம் மிக உயர்ந்தும் கால்சியம் மிகத் தாழ்ந்தும் ஒருங்கே வருமாயின், ஊதாமூடிக் குழாயின் உப்பு எவ்வாறோ சிவப்புமூடிக் குழாயில் கலந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். குருதி போதவில்லையென்று பணியாளர் ஒரு குழாயிலிருந்து மற்றொன்றிற்கு ஊற்றியிருப்பின் இவ்வாறு நேரும்.

ஐயத்தைக் கணிப்பொறி எழுப்பும், தீர்ப்பவர் மனிதரே. நோய்க்குறியியல் மருத்துவர் அப்பொழுது தஞ்சாவூரில் இருப்பினும், தம் கணிப்பொறித் திரையில் அவ்வறிக்கையைக் கண்டு, "வேறு குருதி எடுத்து மீண்டும் சோதிக்க" என ஆணையிடுகின்றார். அதுகாறும், ஐயம் உளதென்பதை மூதாட்டியின் மருத்துவர்க்குத் தொலைபேசியில் தெரிவிக்கின்றார். கலப்பை அறியாது 7.8 என்றே அறிக்கை சென்றிருப்பின், பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருக்கும். இயல்பாக இருந்த பொட்டாசியம் அபாயமாகத் தாழ்ந்திருக்கும். மாறாக, மூதாட்டி சிறுநீரகம் செயலிழந்தவராக இருந்து, 7.8 என்பது மெய்யாகவே இருந்திருந்தால், ஐயத்தின் பெயரால் ஒரு நாள் தாழ்த்துதலும் கொடிதாம். உயிருக்கு இடர் காட்டும் அளவுகளை உடனே மருத்துவர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் முறையை ஜார்ஜ் லண்ட்பெர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் 1972ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அழைத்தவர் யார், கேட்டவர் யார், எந்நேரம், கேட்டவர் அவ்வெண்ணைத் திரும்பக் கூறினாரா என்பவை இன்று கணக்கேட்டிலேயே பதியப்படுகின்றன.

இவ்வளவு நலங்களையும் கூறியபின், இதன் இடர்களைக் கூறாதொழிதல் நேர்மையாகாது. பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணிப்பொறி நிலையக் கட்டடம் ஒன்று 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் தீப்பற்றி முற்றும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், தம் கணக்கையும் அதன் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். மேகத்தில் இட்டுவிட்டோம் என்னும் எண்ணமே அவர்களை ஏமாற்றியது. படி என்பது வேறோர் ஊரில், வேறொரு கட்டடத்தில் இருந்தாலன்றிப் படியாகாது. அப்படியைக் கொண்டு கணக்கை மீட்டெடுக்க இயலுமா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்து பார்த்தலும் வேண்டும்.

தீயினும் கொடியவர் சிலர் உளர். கணிப்பொறிகளுள் களவாகப் புகுந்து, கணக்கையெல்லாம் படிக்கவியலாத குறிகளாக மாற்றிவிட்டு, மீட்புப் பணம் கேட்போர் அவர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் இத்தகையோரால் தாக்கப்பட்டன. பதிவும் சோதனை அறிக்கையும் பல நாள்கள் கையெழுத்தாலேயே நடந்தன. 2024ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இலண்டன் மாநகரில், சின்னோவிஸ் என்னும் ஆய்வுக்கூட நிறுவனம் தாக்குண்டது. கிங்ஸ் காலேஜ் முதலிய பெரிய மருத்துவமனைகள் குருதிச் சோதனைக்கு அதனையே நம்பியிருந்தன. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901ஆம் ஆண்டில் குருதி வகைகளை வெளியிட்டார். வகையறிந்தே குருதி செலுத்துதல் பின்னர் வழக்காயிற்று. அவ்வகை பொருத்தும் பணி விரைவிழக்கவே, பெரும்பாலார்க்கும் பொருந்தும் ஓ வகைக் குருதியையே மருத்துவர்கள் நாடினர். அவ்வகையுடையோர் முன்வந்து குருதி தருமாறு நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. குருதிச் சோதனையின் முடிவு நெடிது தாழ்த்தமை நோயாளி ஒருவரின் இறப்புக்குரிய காரணங்களுள் ஒன்று என்று கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை 2025ஆம் ஆண்டில் தெரிவித்தது.

கணக்கு அழிதல் ஓர் இடர். அது பிறர் கண்ணில் படுதல் மற்றோர் இடர். ஒருவருடைய குருதியறிக்கை அவருடைய மறைபொருள். வேலை தருவோனும், மணம் பேச வருவோனும், காப்பீடு விற்போனும் அதனை அறிய விழைவர். ஆதலால், கணக்கு வழியிற் செல்லும்போதும் ஓரிடத்தில் தங்கும்போதும் மறைக்குறியாக மாற்றப்படுகின்றது. குருதி எடுப்பவர் நோயாளியின் பெயரைக் காணலாம். முடிவைக் காண வேண்டுவதில்லை. கட்டணம் வாங்குபவர்க்கு இரண்டுள் முன்னதே போதும். எவர் எந்த அறிக்கையை எப்பொழுது திறந்தார் என்னும் தடமும் அழியாது பதிகின்றது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் செய்திகளைக் கையாள்வோர்க்குப் பொறுப்பை விதிக்கின்றது. மேக நிறுவனம் கட்டடத்தையும் பொறியையும் காக்கும். சாவியாகிய கடவுச்சொல்லைக் காப்பது ஆய்வுக்கூடத்தாரின் கடன். பணியாளர் பதின்மரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, அதனை மேசைமேல் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால், தடம் பதிந்தும் பயன் யாது?

கூடத்திற்கும் மேகத்திற்கும் இடையே உள்ள இணையக் கம்பி அறுந்தால் என் செய்வது என்பது இறுதியாக எழும் வினா. சாலை தோண்டுவோர் மண்வெட்டிக்கு அக்கம்பி எளிதில் இரையாகும். நன்கு நடத்தப்பெறும் கூடங்கள் ஆய்வுப்பொறிகளின் அருகே சிறு கணிப்பொறி ஒன்றை வைத்திருக்கின்றன. கம்பி அறுந்த வேளையில் அது வேண்டுகோள்களையும் முடிவுகளையும் தன்னிடத்தே கொண்டு, தொடர்பு மீண்டதும் மேகத்திற்கு அனுப்பும். அதுவும் நின்றுபோமாயின், அலமாரியில் அச்சிட்ட படிவங்களும் முன்னரே எண்ணிட்ட பட்டைச் சீட்டுகளும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பழைய பேரேடு அங்கே மீண்டும் தன் பணிக்கு வருகின்றது. தொடர்பு திரும்பியபின், ஏட்டில் எழுதியவற்றை ஒருவர் படிக்க மற்றொருவர் கணக்கில் ஏற்றுவர். ஏற்றிய நேரம் வேறாகவும், குருதி எடுத்த நேரம் ஏட்டில் உள்ளவாறாகவும் தனித்தனியே குறிக்கப்படும்.